சீஷத்துவம்னா என்ன, நம்ம தெருவுல எங்க ஆரம்பிக்கிறது? ஒரு தம்பிக்கு எழுதின பதில்

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை வாசிச்சேன். திடப்படுத்தல் (சபையில முழு அங்கமா ஏத்துக்கிற சடங்கு) எடுத்து 7 வருஷம் ஆச்சு, வாலிபர் கூட்டத்துல 12 வாரம் சீஷத்துவ க்ளாஸ் முடிச்சாச்சு, நோட்டு நிறைய குறிப்பு இருக்கு, ஆனா கோயில் வாசலைத் தாண்டினா என் தெருவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. இயேசுவைப் பின்பற்றுறதுன்னா தினசரி வாழ்க்கையில என்ன, அதுக்கு வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகணுமா, ஊர்ல ஏதாவது நல்லது செய்யப் போனா மதம் மாத்த வந்துட்டான்னு சொல்லுவாங்களே அதுக்கு என்ன செய்யறது.

நான் போதகர் இல்ல. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில கிராமத்து நர்ஸா 26 வருஷம் வீடு வீடா போனேன், அதோட எங்க சபையில ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன். இந்த ரெண்டு இடத்துல இருந்து பாத்ததைத்தான் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா வாசிங்க.

முதல்ல அந்த வார்த்தை. சீஷன்ங்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. குரு வீட்டுலயே தங்கி, தண்ணி எடுத்து, விறகு பொறுக்கி, அவர் எப்படி எழுந்திரிக்கிறார், யார்கிட்ட எப்படி பேசுறார், கோவம் வந்தா என்ன செய்யறார்னு பக்கத்துலயே இருந்து பாத்துப் பாத்துப் படியறவன்தான் சீஷன். மாற்கு 3:14ல இயேசு பன்னிரண்டு பேரை எதுக்கு வச்சாருன்னு காரணம் சொல்லியிருக்கு பாருங்க, முதல் காரணம் "தம்மோடுகூட இருக்கவும்". பிரசங்கம் பண்ண அனுப்புறது அதுக்கு அடுத்துதான் வருது. கூட இருந்தவங்க என்ன பாத்தாங்க? குஷ்டரோகியை தூரத்துல நிறுத்தி ஜெபிக்காம கையை நீட்டி தொட்டதைப் பாத்தாங்க, வரி வசூலிக்கிறவன் வீட்டுல உக்காந்து சாப்பிட்டதைப் பாத்தாங்க, கூட்டமே அதட்டின ஒரு குருடனுக்காக நடுரோட்டுல நின்னதைப் பாத்தாங்க. அவங்க படிச்ச பாடம் முழுக்க வழியில, கிணத்தடியில, சாப்பாட்டு பந்தியில நடந்தது. அதனால உங்க 12 வார க்ளாஸ் வீண்னு நான் சொல்லமாட்டேன், வசனம் தெரியாம எதைப் பின்பற்றுறது, ஆனா அந்த க்ளாஸ் முடிஞ்ச இடத்துலதான் சீஷத்துவம் ஆரம்பிக்குது. லூக்கா 9:23ல சிலுவையை "அனுதினமும்" எடுத்துக்கிட்டுன்னு இருக்கு இல்லையா, அந்த அனுதினமும்ங்கிற ஒரு சொல்லை நான் பைபிள்ல அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை அசனப்பண்டிகையில ஊருக்கே பந்தி வைக்கிறது நமக்கு சுலபமா வருது, அனுதினமும்தான் வரமாட்டேங்குது.

இப்ப நான் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்றேன், என் பதில்ல பாதி இதுலயே இருக்கு.

ஒரு வருஷம் பெரிய வியாழன் ஆராதனையில எங்க சபைப் போதகர் ஐயா பன்னிரண்டு பேர் காலைக் கழுவினாங்க. எல்லாரும் வீட்டுலயே நல்லா தேச்சுக் குளிச்சு, நகம் வெட்டி, புது வேஷ்டி கட்டிட்டு வந்து உக்காந்தாங்க. தப்பு சொல்லல, அந்த ஆராதனையில எனக்கும் கண்ணு கலங்கும். ஈஸ்டர் முடிஞ்சு செவ்வாக்கிழமை வழக்கம்போல வீட்டு விசிட்டுக்குப் போனேன். ஒரு பெரியவர், உப்பளத்துல 40 வருஷம் வேலை பாத்தவர், 11 வருஷமா சுகர். எப்படி இருக்கீங்க ஐயான்னு கேட்டா நல்லா இருக்கேன், காலு மட்டும் கொஞ்சம் மரத்தாப்ல இருக்குன்னார். காலைக் காட்டுங்கன்னேன், இழுத்துக்கிட்டார். "வேண்டாம்மா, நீங்க போய் என் காலைத் தொடலாமா, அசிங்கமா இருக்கும்." சட்டுனு எனக்கு பேதுரு ஞாபகம் வந்தது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது"ன்னு சொன்னாரே, அதே பேச்சு, அதே கூச்சம். வீட்டுல இருந்த அம்மாகிட்ட ஒரு பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி கேட்டு வாங்கி, முழங்கையை விட்டு சூடு பாத்து, தரையில உக்காந்து அவர் காலை எடுத்து கழுவினேன். உப்புத் தண்ணியில நின்னு நின்னு வெடிச்சுப் போன பாதம், வெடிப்புக்குள்ள எல்லாம் அழுக்கு. அழுக்கு போகப் போக இடது கால்ல பெருவிரலுக்குக் கீழ ஒரு கறுப்பு புள்ளி, அழுத்தினா சீழ். உள்ள ஒரு கருவேல முள்ளு ஒடிஞ்சு நிக்குது. அது ஏறி எத்தனை நாள் ஆச்சுன்னு அவருக்கே தெரியல, அது மேலயே நடந்து கடைக்குப் போய்ட்டு வந்திருக்கார், வலியே இல்ல.

நான் முள்ளைத் தோண்டல, சுத்தமான காஸ் துணி வச்சு கட்டி அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அஞ்சு வாரம் ட்ரெஸ்ஸிங் ஆச்சு, விரல் தப்பிச்சது. அந்த வீட்டுக்கு அதுக்கு முன்னாடி சபையில இருந்து எத்தனையோ பேர் போயிருக்காங்க, ஜெபிச்சிருக்காங்க, கிறிஸ்துமஸுக்கு போர்வை கொடுத்திருக்காங்க, நானும் நாலு தடவை போய் பிரஷர் பாத்துட்டு வந்திருக்கேன். யாரும் அந்தக் காலைப் பாக்கல. யோவான் 13:14, "ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினதுண்டானால், நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்." அன்னைக்கு வரைக்கும் இந்த வசனத்தை தாழ்மைக்கு ஒரு உருவகம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். கழுவுறதுக்கு கீழ உக்காந்தாதான் முள்ளு கண்ணுல படும்னு அதுக்கப்புறம்தான் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சேன்.

இது நான் கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் 1946ல வேலூர் சிஎம்சி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குஷ்டரோகிகளுக்கு விரல் தானா அழுகி விழுந்துடும்னுதான் அதுவரைக்கும் பொதுவா நம்பிட்டு இருந்தாங்க. அவர் கூடவே உக்காந்து கவனிச்சுப் பாத்து, அழுகல் இல்ல, உணர்ச்சி போனதுதான் காரணம்னு எடுத்துக் காட்டினார். வலி தெரியாததால சூடான பாத்திரத்தைப் பிடிச்சுடுறாங்க, முள்ளு குத்தினது தெரியாம நடக்கிறாங்க, காயத்து மேல காயம் பட்டு விரல் போயிடுது. அப்படின்னா காயம் படாம பாத்துக்கிட்டா விரலைக் காப்பாத்தலாம்! அப்புறம்தான் மடங்கிப் போன கையை ஆபரேஷன் பண்ணி நிமித்துறது, காலுக்கு மெத்துனு ரப்பர் செருப்பு செஞ்சு கொடுக்கிறதுன்னு வேலூர்லயும் பக்கத்துல கரிகிரி குஷ்டரோக ஆஸ்பத்திரியிலயும் பெரிய வேலை நடந்தது. இன்னைக்கு சுகர்காரங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர் செருப்பு இருக்கே, அது குஷ்டரோகிகள் காலைப் பாத்துப் பாத்து வந்த வழியில வந்ததுதான். ஊர் எல்லைக்கு வெளிய தள்ளி வச்ச ஜனங்களோட கையையும் காலையும் ஒருத்தர் மடியில எடுத்து வச்சுப் பாத்ததால எத்தனை லட்சம் பேர் கால் தப்பிச்சிருக்கு, யோசிச்சுப் பாருங்க.

அடுத்து, கேக்கிற பழக்கம். பர்திமேயு குருடன்னு கூட்டத்துக்கே தெரியும், அவனுக்கு என்ன வேணும்னு சின்னப் பிள்ளை கூட சொல்லிடும். ஆனா இயேசு அவனை வரச் சொல்லி, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்"ன்னு கேக்கிறார். பிச்சை எடுத்துட்டு இருந்த மனுஷனை ஒரு ஆளா மதிச்சு அவன் வாயால சொல்ல விடுறார். நாம சேவைன்னு போற இடத்துல பெரும்பாலும் இந்தக் கேள்வியையே கேக்கிறதில்ல. எங்க சபையிலயே ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு பக்கத்து காலனியில 60 பேருக்கு சேலை கொடுத்தாங்க, பேனர் கட்டி, வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு போட்டோ. நானும் அந்த வரிசைக்குப் பின்னாடி நின்னு சேலை எடுத்துக் கொடுத்தவதான். ஒரு பாட்டி வாங்கிட்டு என் காதுகிட்ட வந்து "இது மூணாவது சேலைம்மா, எனக்கு ஓஏபி (முதியோர் பென்ஷன்) பணம் நாலு மாசமா வரல, அந்த ஆபீஸுக்குக் கூட வர ஒரு ஆள் இருந்தா போதும்"னாங்க. சேலைக்கு ஆன செலவு பல ஆயிரம். அந்தப் பாட்டி கேட்டதுக்கு பஸ் டிக்கெட்டும் ஒரு அரை நாளும்தான் ஆகும், அந்த அரை நாள்தான் எங்க யார்கிட்டயும் இல்ல. அடுத்த வாரம் ஒரு வாலிபத் தம்பி லீவு போட்டுட்டு கூட்டிட்டுப் போனான், ஆதார்ல ஒரு நம்பர் மாறியிருந்ததாம், சரி பண்ணினதும் பணம் வந்துடுச்சு. அந்தப் பாட்டி இப்ப இல்ல, ஆனா கடைசி வரைக்கும் அவன் பேரைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க, சேலை கொடுத்த கமிட்டி பேரு அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

போட்டோ விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது"ன்னு ஆண்டவர் சொன்னப்புறம், வாங்கிறவங்க தலைகுனிஞ்சு நிக்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்க நமக்கு எப்படி மனசு வருது? கணக்கு காட்டணும்னா பில்லை போட்டோ எடுங்க, மனுஷங்களை வேண்டாம்.

இங்கதான் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பத்தி சொல்லணும். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல வெள்ளாளன்விளையில பிறந்தவர், இப்ப தூத்துக்குடி மாவட்டம். 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சதுல முக்கியமானவர், 1912ல தெலுங்கு நாட்டுல இருக்கிற தோர்ணக்கலுக்கு பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். அவர் 1910ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனெரி மாநாட்டுல, வெள்ளைக்காரங்க நிறைஞ்ச சபையில எழுந்து நின்னு பேசினது ரொம்பப் பிரசித்தம். ஏழைகளுக்கு உங்க பொருளைக் கொடுத்தீங்க, உங்க சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கிறோம், எங்களுக்கு சிநேகிதரைக் கொடுங்க. இந்தக் கருத்துலதான் முடிச்சார். ஆஸ்பத்திரி கட்டினாங்க, பள்ளிக்கூடம் கட்டினாங்க, ஆனா கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிட மாட்டேங்கிறாங்களேன்னு அவருக்கு இருந்த வேதனை அது. அந்தப் பேச்சு அங்க பல பேருக்குப் பிடிக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க, இயேசு சிலுவைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி சீஷர்களைக் கூப்பிட்ட பேரும் அதேதான், இனி ஊழியக்காரர்னு சொல்லமாட்டேன், "நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்". அப்ப சீஷன் வளந்து வந்து சேர்ற இடமே சிநேகிதம்தான். நாம மத்தவங்களுக்கு செய்யற சேவையும் அங்கதான் போய்ச் சேரணும், கொடுக்கிறவன் மேல வாங்கிறவன் கீழன்னு நின்னுட்டா அது பாதி வழியிலயே நின்னுபோச்சுன்னு அர்த்தம்.

இதை வாழ்ந்து காட்டின ரெண்டு பேர் நம்ம தமிழ்நாட்டுலயே இருந்தாங்க, இப்ப இருக்கிற வாலிபப் பிள்ளைகளுக்கு இவங்க பேரு கூட தெரியலைங்கிறது எனக்கு வருத்தம். திருப்பத்தூர்ல 1921ல கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்ச ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும். ஒருத்தர் தமிழர், இன்னொருத்தர் ஸ்காட்லாந்துல பணக்கார வீட்டுப் பிள்ளை. ரெண்டு பேரும் டாக்டர், ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கல, கதர் கட்டி, சுத்துப்பட்டு ஜனங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு ஒரே கூரையில இருந்தாங்க. ஊர் ஜனங்க ஜேசுதாசனை பெரியண்ணன்னும் பேட்டனை சின்னண்ணன்னும் கூப்பிட்டாங்க. வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கிற காலத்துல ஒரு வெள்ளைக்காரர் தமிழனுக்குத் தம்பியா, சின்னண்ணனா இருக்க ஒத்துக்கிட்டார்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு பாருங்க. 1932ல சென்னையில கதர் கட்டிட்டுப் போன அவரை சத்தியாகிரகத்துல சேர்ந்தவர்னு நினைச்சு போலீஸ் அடிச்சது. சின்னண்ணன்ங்கிற பேருக்கு அவர் கொடுத்த விலை அது.

சிநேகிதம்னு சொல்லிட்டு ஜாதியைப் பத்தி பேசாம போனா நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும். 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசம் அறவே கூடாதுன்னு கடிதம் எழுதினார். அதுக்கப்புறமும் வடக்கன்குளத்துல ஜாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு கோயிலையே ரெண்டு காலா கட்டி நடுவுல சுவர் வச்சாங்க, பிறகு அந்தச் சுவரை இடிச்சாங்க. செங்கல் சுவர் போனாலும் கல்யாணப் பேச்சுலயும் கல்லறைத் தோட்டத்துலயும் சபையோட சேகர கமிட்டி தேர்தல்லயும் அது நின்னுட்டுத்தான் இருக்கு, இது நம்ம எல்லாருக்கும் தெரியும், வாய் விட்டு சொல்றதில்ல. தம்பி, நீங்க சேவைக்குப் போற வீட்டுல தண்ணி வாங்கிக் குடிங்க. சாப்பிடச் சொன்னா உக்காந்து சாப்பிடுங்க. அவங்களை உங்க வீட்டுக்கு கூப்பிட்டு, உங்க அம்மா கையால அதே தட்டுல சாப்பாடு போடச் சொல்லுங்க. முதல் தடவை வீட்டுல ஒரு அமைதி வரும் பாருங்க, அந்த அமைதியில இருந்துதான் உங்க சிலுவை ஆரம்பிக்குது.

சரி, மதம் மாத்த வந்துட்டான்னு சொல்லுவாங்களேங்கிற பயம். லூக்கா 17ல பத்து குஷ்டரோகிகள் கதையை எடுத்துக்கோங்க. பத்து பேரும் சுத்தமானாங்க, ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கன்னு இயேசு கேட்டார், மனசு வலிச்சுத்தான் கேட்டிருப்பார், ஆனா அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கல. நமக்கு அளவுகோல் அதுதான். அரிசி மூட்டையைக் காட்டி ஞானஸ்நானம் வாங்க வைக்கிறது, ஆஸ்பத்திரி கட்டில்ல பயந்து போய் படுத்திருக்கிறவங்ககிட்ட நம்பினாத்தான் சுகம்னு சொல்றது, இதெல்லாம் அந்த மனுஷனோட இல்லாமையை விலை பேசுறது, அதை இயேசு ஒருநாளும் செய்யல. அதேநேரம் நீங்க யாருன்னு மறைக்கவும் வேண்டாம். ஏன் தம்பி இதெல்லாம் செய்யறேன்னு யாராவது கேட்டா இயேசு எனக்கு இப்படி செஞ்சார்னு நேரா சொல்லுங்க, கேக்காதவங்ககிட்ட திணிக்காதீங்க. ஜெபிக்கட்டுமான்னு அனுமதி கேட்டு ஜெபிங்க, வேண்டாம்னா சிரிச்ச முகத்தோட மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டு அடுத்த வாரமும் போங்க. அந்த அடுத்த வாரம்தான் முக்கியம். எங்க ஊர்ல ஒரு அம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கு அவர் சம்சாரத்தோட படுக்கைப் புண்ணுக்காக எட்டு மாசம் போனேன், ஒரு நாளும் அவங்க எங்க சபைக்கு வரல, நானும் கேக்கல. எங்க தெருவுல ஒருத்தர் நான் மதம் மாத்துறேன்னு பேச்சு கிளப்பினப்ப எனக்காக முதல்ல நின்னு பேசினது அந்தப் பூசாரிதான்.

ஊர்ல ஏற்கனவே நல்லது செய்யறவங்க கூட சேருங்கங்கிறதும் இதுல ஒண்ணு. பக்கத்துல நூலகம் நடத்துற இளைஞர் மன்றம் இருக்கும், பள்ளிவாசல்ல ரத்த தானக் குழு இருக்கும், அரசு கிராம நர்ஸ் இருப்பாங்க. எல்லாத்துக்கும் நம்ம பேனர் வேணும்னு இல்ல. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில அந்த சமாரியன் கூட காயம்பட்டவனை சத்திரக்காரன்கிட்ட ஒப்படைச்சு காசும் கொடுத்துட்டுத்தான் போனான்.

வேலையை விடணுமான்னு கேட்டீங்க. சில பேரை ஆண்டவர் வலையை விட்டுட்டு வான்னு கூப்பிட்டார், உண்மைதான். ஆனா மாற்கு 5ல பிசாசு பிடிச்சிருந்து சுகமான ஒருத்தன், உம்மோட வரேன்னு கெஞ்சுறான், அவனை இயேசு கூட்டிட்டுப் போகல, "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய்" சொல்லுன்னு அனுப்பிட்டார். கல்லறைகள்ல கத்திட்டு திரிஞ்சவனை ஊருக்கே தெரியும், அவன் புத்தி தெளிஞ்சு அதே ஊர்ல நடமாடுறதே பெரிய சாட்சி. உங்களுக்கு எதுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா அழைப்பு பெரும்பாலும் நம்ம வீட்டு வாசல்ல வந்து தட்டுதுன்னு சொல்லுவேன்.

வாசல்ல தட்டுறதுன்னதும் ஐடா ஸ்கடர் ஞாபகம் வராம இருக்காது. 1870ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க, அப்பா மிஷனெரி டாக்டர். அவங்களுக்கு மிஷனெரி ஆகிற ஆசையே கிடையாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு கொஞ்ச நாளைக்குத்தான் திண்டிவனம் வந்திருந்தாங்க, 1890. ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூணு பேரோட சம்சாரமும் பிரசவத்துல தவிக்கிறாங்க. எங்க அப்பா டாக்டர், அவர் வருவார்னு சொன்னாங்க ஐடா, ஆம்பளை டாக்டர் பாக்கக் கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போய்ட்டாங்க. விடிஞ்சப்ப மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்கன்னு தெரிஞ்சது. அதுக்கப்புறம் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1899ல முடிச்சு, 1900ல வேலூருக்கு வந்து, அப்பா வீட்டுலயே ஒரு ரூம்ல ஒரே ஒரு கட்டில் போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. 1902ல 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909ல நர்ஸிங் பள்ளிக்கூடம், 1918ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்னைக்கு நாம பாக்கிற சிஎம்சி அதுதான், அவங்க 1960ல இறந்து போறவரைக்கும் அதுதான் அவங்க உயிர். சிஎம்சியோட குறிக்கோள் வசனமே மாற்கு 10:45ல இருந்து எடுத்தது, ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யும்படி. நாம இன்னைக்குப் போய் நிக்கிற அந்தப் பெரிய கட்டடத்தைப் பாத்து நம்மால என்ன ஆகும்னு மலைச்சுப் போகாதீங்க, அந்த ஒரு கட்டிலைப் பாருங்க.

நீங்க ஐடிஐ படிச்சு எலெக்ட்ரீஷியனா இருக்கேன்னு எழுதியிருக்கீங்க. இதைவிட என்ன வேணும்? தனியா இருக்கிற வயசானவங்க வீட்டுல ஒயர் தொங்கிட்டு இருக்கும், பாத்ரூம்ல பல்பு எரியாது, ராத்திரி இருட்டுல போய் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சவங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்! ஒரு பல்பும் ஒரு கைப்பிடிக் கம்பியும் போட்டுக் கொடுக்கிறது ஒரு முழு கூட்டு ஜெபத்துக்குக் குறைஞ்ச ஊழியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதோட கூலி வாங்குற இடத்துல சரியான பில் போடுறது, மட்டமான ஒயரைப் போட்டு நல்ல ஒயர் காசு வாங்காம இருக்கிறது, ஹெல்பர் பையனுக்கு சனிக்கிழமை சம்பளத்தை சனிக்கிழமையே கொடுக்கிறது, இதெல்லாமும் சீஷத்துவம்தான். இங்க சறுக்கிட்டு தெருவுல சேவை செஞ்சா ஜனங்க மதிக்கமாட்டாங்க, மதிக்கவும் கூடாது.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, அஞ்சு வீடு எடுத்துக்கோங்க, அதுக்கு மேல வேண்டாம். நடந்து போற தூரத்துல, வாரத்துக்கு ஒரு தடவை, குறைஞ்சது ஒரு வருஷம். தனியா போகாம ரெண்டு பேரா போங்க, இயேசுவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பினார், பொம்பளைங்க மட்டும் இருக்கிற வீட்டுக்குப் போகும்போது கூட ஒரு அக்காவோ தங்கச்சியோ வரட்டும். முதல் மாசம் எதுவும் கொடுக்காதீங்க, உக்காந்து பேசுங்க, கேளுங்க. என்ன தேவைன்னு தானா தெரியவரும், பெரும்பாலும் நாம நினைச்சதா இருக்காது. முதியோர் பென்ஷன் அப்ளிகேஷன், இ-சேவை மையத்துல வருமானச் சான்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, இந்த மாதிரி காகித வேலைக்கு ஆள் இல்லாமதான் பாதி வீடு கஷ்டப்படுது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து இருக்கு, ஆனா அவங்க லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேரைச் சேர்த்து விடுங்க. ஜெபம் பண்ணியாச்சு இனி மாத்திரை வேண்டாம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அப்படிச் சொன்ன ஒருத்தரால ஒரு அம்மா கோமாவுக்குப் போனதை நான் பாத்திருக்கேன்.

காசு விஷயத்துல உங்க பேர்ல வசூல் பண்ணாதீங்க. எங்க பாட்டி காலத்துல ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு கலயத்துல எடுத்து வச்சு ஞாயித்துக்கிழமை கோயில்ல கொட்டுவாங்க, கைப்பிடி அரிசி காணிக்கைன்னு பேரு. இல்லாத வீட்டுலயும் அந்தக் கலயம் இருக்கும். அந்தப் பழக்கத்தை உங்க வாலிபர் குழுவுல திரும்ப ஆரம்பிங்க, ஸ்பான்ஸர் தேடிப் போறதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது, கொடுக்கிற கை எல்லாம் தெரிஞ்ச கையா இருக்கும். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம், கதவைத் திறந்து வச்சு, ரெண்டு பெரியவங்க இருக்கிற இடத்துல. ஆனா பிள்ளைகளைத் தங்க வச்சு ஹோம் நடத்துற யோசனைக்குப் போகாதீங்க, 2015 சட்டப்படி பதிவு இல்லாம நடத்துறது குற்றம், அதைவிட பிள்ளைங்க தங்களோட சொந்த வீட்டுல வளர வழி செய்யறதுதான் அவங்களுக்கு நல்லது. ஆபத்துல இருக்கிற பிள்ளையைப் பாத்தா 1098க்கு போன் பண்ணுங்க, கவனிக்க ஆள் இல்லாத முதியவங்கன்னா 14567.

சலிப்பு வரும், அதையும் சொல்லிடணும். மூணாவது மாசத்துல உங்க கூட வந்தவன் வேற வேலை இருக்குன்னு நின்னுடுவான், நீங்க ஃபார்ம் எழுதிக் கொடுத்தவரே உங்களைப் பத்தி தப்பா பேசுவார், குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவர் மறுநாளே ரோட்டுல கிடப்பார். அந்த நேரத்துல காலையில அரை மணி நேரம் வேதத்தோட உக்காருறது உங்களைப் பிடிச்சு நிறுத்தும், தம்மோடுகூட இருக்கவும்னு ஆரம்பத்துல சொன்னேனே, அது இதுக்குத்தான். நான் கசந்து போன காலம் எல்லாம் அந்த அரை மணி நேரத்தை விட்ட காலம்தான்.

வர்ற சனிக்கிழமையே ஒரு வீட்டுல ஆரம்பிக்கிறேன்னு எழுதியிருந்தீங்க. சுகர் இருக்கிற தாத்தா, சம்மதம் கேட்டுட்டு காலைப் பாருங்க. ஒரு பேசின், வெதுவெதுப்பான தண்ணி, முழங்கை விட்டுப் பாத்தா சூடு உறைக்கக் கூடாது, சாதாரண சோப்பு, ஒரு மெல்லிசு துண்டு. ரொம்ப நேரம் ஊற வைக்காதீங்க. விரல் இடுக்குல ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க, தேங்காய் எண்ணெய் தடவினா இடுக்குல வேண்டாம், நகத்தை நேரா வெட்டுங்க, ஓரத்தைக் குடையாதீங்க, ஆணிக்காலை பிளேடு வச்சு சீவவே கூடாது. உள்ளங்கால் முழுக்க வெளிச்சத்துல பாருங்க, குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கு எல்லாம். சிவப்போ கொப்புளமோ புண்ணோ இருந்தா மஞ்சள், பேஸ்ட் எதுவும் போடாம சுத்தமான துணியில மூடி அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓபி மதியத்தோட முடிஞ்சுடும், அதனால காலையில எட்டு மணிக்கெல்லாம் அவர் வீட்டுல இருங்க.